பாடு, ஆனால் பேசாதே!

பாடு! ஆடு! பகட்டாக உடுத்து! பணத்தை வாரிக்கொள்! ஆனால் பேசாதே!

இப்படியொரு கட்டளை இருக்கிறது தோழர்களே, உலகத்து இசை அங்காடியிலே. எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றிய சட்டமல்ல. எந்த நீதிமன்றமும் வழங்கிய தீர்ப்புமல்ல. என்றாலும் மீறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு கடுமையான சட்டம் அது என்பதைச் சொல்வார்கள். குடித்துக் கெட்டேன் என்று பாடலாம்; கைதட்டுவார்கள். காதலன் கைவிட்டான் என்று பாடலாம், கண்ணீர் வடிப்பார்கள். என் இனத்தைக் கொல்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் முகம் சுளிப்பார்கள். பாட வந்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்பார்கள்.

சொன்னார், ஒரு தமிழ்ப் பெண். சுளித்தார்கள், முகத்தை!

மாதங்கி என்பது பெற்றோர் வைத்த பெயர். வீட்டிலே மாயா. உலகத்துக்கு எம்.ஐ.ஏ. மூன்று பெயர்களையும் அடுக்கி 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.' என்று தலைப்பிட்டு ஓர் ஆவணப்படம் வந்தது. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும் தட்டிக்கொண்டது. இயக்கியவர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர். லண்டன் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் அம்மையாருடன் படித்த நண்பர். படத்தின் தொடக்கத்திலேயே, ஒளிப்படக் கருவிக்குப் பின்னாலிருந்து அந்த நண்பரே கேட்கிறார், ஏன் இப்படித் தொல்லை பிடித்த பாடகியாக இருக்கிறாய், வாயை மூடிக்கொண்டு நல்ல பாட்டாக வெளியிட்டுக்கொண்டு போகக் கூடாதா என்ற பொருளில். நண்பனே கேட்கிறான் என்றால், ஊரார் கேட்க மாட்டார்களா?

இந்தப் படத்தை நாம் பார்த்தது கடப்பாக்கத்திலே. கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கியைக் கழற்றிக் கட்டி வைத்த பிறகு, படிப்பகத்துச் சுவரிலே வெள்ளை வேட்டியைக் கட்டி இளைஞர்கள் படத்தை ஓட்டினார்கள். ஒருபுறம் உப்பங்கழி, மறுபுறம் கடலோசை. 1760இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய ஆலம்பரைக் கோட்டை கூப்பிடு தூரத்தில். வலை காயப்போட்டுவிட்டு வந்த மீனவத் தோழர்கள், சவுக்குத் தோப்பு வேலைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு மூன்று பாட்டிமார். ஆங்கிலப் பேச்சை ஒரு மாணவர் அவ்வப்போது தமிழில் சொல்லி வந்தார். பாதி சொன்னார், பாதியைத் தாமே ரசித்துக்கொண்டு நின்றுவிட்டார். அது கிடக்கட்டும்.

ஏன் கடப்பாக்கத்தைச் சொல்கிறோம்? காரணம் உண்டு. இது இடைக்கழிநாடு. இந்த நாட்டு நல்லூரிலே பிறந்தவர்தான் நத்தத்தனார், சிறுபாணாற்றுப்படை பாடியவர். 269 அடி. பத்துப்பாட்டிலே ஒன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட வந்த புலவர், அரசனை மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. யாழைத் தோளில் சுமந்து, விறலியரோடும் சுற்றத்தோடும் ஊர் ஊராக அலைந்த இசைக் குழுவைப் பாடினார். அந்தக் குழுவின் வீட்டு அடுப்படியைப் பாடினார்! குட்டி போட்ட நாய் படுத்துக் கிடக்கும் அடுப்படி. குப்பைக் கீரையைப் பறித்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, ஊரார் பார்த்தால் மானம் போகுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு உண்ணும் பாணர் குடும்பம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை பேசுவோர், அந்தச் சாத்திய கதவை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். பாட்டைக் கேட்கும் உலகம் பாடுபவனின் அடுப்படியைப் பார்க்க விரும்பாது. நத்தத்தனார் பார்க்க வைத்தார். லவ்ரிட்ஜ் என்னும் இந்த ஆங்கிலேயரும், தம்மாலானவரை, அந்தக் கதவைத் திறக்கிறார்.

உள்ளே என்ன இருக்கிறது?

1975 ஜூலையில் லண்டனில் பிறந்த குழந்தை. ஆறு மாதத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தை. தந்தை அருள்பிரகாசம் பொறியாளர். 'அருளர்' என்ற இயக்கப் பெயர் கொண்டவர். 1975இல் லண்டனில் ஈரோஸ் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். இயக்கம் கிடைத்தது, தந்தை போனார். தலைமறைவாக வீட்டுக்கு வரும் வேளையிலும் பிள்ளைகளிடம் தந்தை என்று சொல்லாமல் உறவினர் என்று சொல்லி வைத்த வீடு அது. பெற்ற மகளுக்கே தந்தை விருந்தாளி! போர் மூண்டது. யாழ்ப்பாணம், சில காலம் சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம், முடிவில் 1986இல் லண்டன். தெற்கு லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் அகதிகளுக்கான குடியிருப்பு. பெயரைப் பாருங்கள்! மிச்சமிருந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பெயர் மிட்சம். தாய் கலா, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

வகுப்பறையில் ஆங்கிலம் புரியாத பெண். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கறுப்பின மக்களின் இசை மட்டும் புரிந்தது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அமெரிக்கச் சேரிகளில் உண்டாக்கிய இசை, அகதியின் மகளுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்துவிட்டது. இதில் வியப்பென்ன?

கலைக் கல்லூரியில் சேர்ந்தார். பாட அல்ல, படமெடுக்க! இதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. எலாஸ்டிகா என்றொரு ராக் இசைக் குழு. அந்நாளில் இங்கிலாந்தில் பெரும் பெயர். அதன் தலைவி ஜஸ்டின் பிரிஷ்மன், மாயாவின் தோழி. அந்தக் குழுவின் இரண்டாவது இசைத்தட்டு 2000இல் வந்தபோது அதன் அட்டையை அமைத்துக் கொடுத்தவர் மாயா. குழு அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போயிற்று. கூடவே போனார், கையில் ஒளிப்படக் கருவியோடு. புகழ்பெற்ற இசைக் குழுவைப் படம் பிடிக்கப் போன கூலிக்காரி! மேடையிலே விளக்கு, விளக்கின் கீழே அவர்கள். இருட்டிலே கருவியோடு இவர். அந்தப் பயணத்தில்தான், பீச்சஸ் என்னும் பாடகி தாளக் கருவிப் பெட்டி ஒன்றை அறிமுகம் செய்து வைத்தார். பொத்தானை அழுத்தினால் தாளம் வரும். பயிற்சி வேண்டாம், பரம்பரை வேண்டாம், பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்கவும் வேண்டாம். இருட்டில் இருந்தவர் விளக்குக்கு வந்தார்.

நம் நாட்டிலே இசை யாருடையது என்று நாம் நடத்திய வழக்கை எண்ணிப் பாருங்கள். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் காண்பதற்குள் எத்தனை ஏளனம், எத்தனை எதிர்ப்பு! தமிழில் பாடினால் கச்சேரி தீட்டுப்பட்டுவிடும் என்பதுபோல் பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பின்னணியிலே பார்த்தால் அந்தப் பொத்தான் பெட்டி சாதாரணப் பெட்டியல்ல.

2005இல் முதல் இசைத்தொகுப்பு. பெயர்: 'அருளர்'. தந்தையின் இயக்கப் பெயரையே சூட்டினார். 2007இல் இரண்டாவது தொகுப்பு. பெயர்: 'கலா'. தாயின் பெயர். முதலாவதில் இல்லாத தகப்பனைத் தேடினார், இரண்டாவதில் இருந்த தாயைப் பாடினார் என்று சொன்னால் தவறில்லை. முதல் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டில் பாலத்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று அமெரிக்க இசைத் தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுத்தது. 2006இல் அமெரிக்காவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டும் மறுக்கப்பட்டது.

கதவை மூடினார்களா? மூடட்டும். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்தார். சென்னைக்கு வந்தார். உறுமிமேளக்காரர்களை அழைத்துத் தட்டச் சொல்லிப் பதிவு செய்தார். சாவு வீட்டுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் மட்டுமே உரியது என்று மேட்டுக்குடியினர் தள்ளி வைத்த உறுமி, நியூயார்க் நகரத்து நடன அரங்குகளிலே உறுமிற்று! கடப்பாக்கத்தில் படம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் அந்தத் தொகுப்பிலிருந்து 'பேர்டு புளூ' என்ற பாட்டை ஒலிக்கவிட்டார். அதுவரை ஓரமாய்ப் பீடி புகைத்துக்கொண்டிருந்த மேளக்காரப் பெரியவர் எழுந்து வந்தார். "அட, இது நம்ம உறுமிடா!" என்றார். இரண்டாம் முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை போடச் சொன்னபோது அவர் விரல்கள் பலகைமேல் ஆடிக்கொண்டிருந்தன. "தட்டினவன் எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார். சொல்லத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. தட்டியவன் எந்த ஊர்க்காரன்?

அமெரிக்கா மறுத்த அனுமதிச் சீட்டு ஒரு பாட்டாயிற்று, 'பேப்பர் பிளேன்ஸ்' என்று. வெளிநாட்டான் என்றாலே திருடன், கள்ளச்சீட்டுக்காரன் என்று பார்க்கும் பார்வையைக் கேலி செய்த பாட்டு. எந்த நாடு நுழையாதே என்றதோ அதே நாட்டின் விற்பனைப் பட்டியலில் 2008இல் 4ஆம் இடம் பிடித்தது! கிராமி விருதுக்குப் பரிந்துரை. ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து செய்த 'ஓ சாயா' பாட்டுக்காக ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரை. 2009 பிப்ரவரி 8, கிராமி மேடையிலே, நிறைமாதக் கர்ப்பிணியாக, பேறுகாலக் கெடு குறித்த அந்த நாளிலேயே மேடையேறிப் பாடினார். மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது.

2009 பிப்ரவரி! அந்தத் திங்களை உலகம் எப்படி வேண்டுமானாலும் நினைவில் வைத்திருக்கட்டும், தமிழன் எப்படி நினைவில் வைத்திருக்கிறான்? வன்னியிலே குண்டு மழை. பாதுகாப்பு வளையம் என்று அறிவித்த இடத்திலேயே குண்டு. மருத்துவமனைமேல் குண்டு. முத்துக்குமார் என்னும் இளைஞர் சென்னையிலே தீக்குளித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. கடைசிக் கட்டப் போரில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு 2011இல் எழுதிற்று. இரண்டாண்டு கழித்து வந்த எண்ணிக்கை!

உலகத்தின் ஒளிவிளக்கு முழுவதும் தன்மேல் விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அம்மையார் என்ன செய்திருக்கலாம்? பட்டாடை பற்றிப் பேசியிருக்கலாம். பிறக்கப்போகும் குழந்தை பற்றிப் பேசியிருக்கலாம். தொலைக்காட்சியிலே அமர்ந்து, அங்கே நடப்பது இனப்படுகொலை என்றார். எங்கே ஒலிவாங்கி நீட்டினாலும் அதையே சொன்னார். திரைப்படத்திலே இந்தப் பகுதிதான் உயிர்ப்பகுதி. கேட்பவர்கள் முகத்தைக் கவனியுங்கள் தோழர்களே! இலங்கை எங்கே இருக்கிறது என்றே அறியாத முகங்கள், பேச்சை மாற்ற வழி தேடும் முகங்கள். ஒருவர் கண்ணீரைக் காண மறுக்கும் முகம் எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்க்கலாம்.

பிறகு வந்தது உருளைக்கிழங்கு.

ஆம், சிரிக்காதீர்கள், உருளைக்கிழங்கு! 2010இல் நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் ஞாயிறு இதழிலே நெடிய கட்டுரை வந்தது. புரட்சி பேசுகிறவர், விலையுயர்ந்த விடுதியிலே உயர்வகை மணமூட்டிய உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே பேசினார் என்று நயமாக ஊசி குத்தியிருந்தார்கள். உலகமெல்லாம் அந்த வறுவலைப் பற்றிப் பேசிற்று. அம்மையார் சும்மா இருந்தாரா? தாமும் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அந்த வறுவலைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று முதலில் சொன்னதே பேட்டியாளர்தான் என்பதை ஒலிப்பதிவு காட்டிற்று. ஏடும் தன் கட்டுரையில் சொன்ன சொற்களை வரிசை மாற்றி வைத்த குறையை ஒப்புக்கொண்டு குறிப்பு வெளியிட்டது. ஆனால் யார் படித்தார்கள் குறிப்பை? 40,000 உயிர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எடை போடுவதற்கு எதிர்த்தட்டிலே ஒரு தட்டு வறுவலை வைக்கிறது நாகரிக உலகம். தராசும் சமமாக நிற்கிறது!

நமக்கு இது புதிதல்ல. நாற்பதுகளின் தமிழ்நாட்டிலே பாட்டுக்கு ஒருவர், தியாகராஜ பாகவதர். 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. அந்த ஆண்டு நவம்பரில், நடிக நடிகையரின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்த மஞ்சள் ஏட்டாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் பிடிபட்டார்கள். தண்டனை, சிறை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947இல் விடுதலை. வெளியே வந்த கலைவாணர் சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார். பாகவதரோ பழைய உயரத்தை மறுபடி எட்டவேயில்லை. 1959இல் 49 வயதில் மறைந்தார். பாடகனின் குரலை விரும்பிய கூட்டம், பாடகனின் துன்பத்தை வம்பாக விரும்பிற்று. இரண்டுக்கும் ஒரே கூட்டம், ஒரே காசு.

மேலைநாட்டில் துயருற்ற பாடகர்களைப் பற்றிப் படமெடுப்பது இன்று ஒரு தொழிலாகவே நடக்கிறது. தி டோர்ஸ் என்ற ராக் குழுவின் ஜிம் மாரிசன் 1971இல் பாரிசில் 27 வயதில் இறந்தார். 2009இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. ஏமி வைன்ஹவுஸ் 2011இல், அவரும் 27 வயதில். நான்காண்டில் படம் வந்து ஆஸ்காரும் பெற்றது. 27 வயதில் மாண்ட பாடகர்களைத் தனிப் பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறார்கள் வெள்ளைக்காரர்கள். நம்மிடமும் உண்டு ஒருவர்: கிட்டப்பா. 1933 டிசம்பர், 27 வயது. நாடக மேடையில் அவர் குரலெடுத்தால் கொட்டகைக்கு வெளியே நின்றவர்களும் கேட்டார்கள் என்பார்கள். பேசும்படத்தில் நடிக்காமலே போய்விட்டார். எஞ்சியவை சில இசைத்தட்டுகள். கீறல் விழுந்த கறுப்பு வட்டங்கள். மீதிக் கதையைச் சொல்ல கே.பி. சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவை ஒன்றுதான் இருந்தது.

இறந்த பாடகர் ஆவணப்படக்காரருக்கு மிக வசதியானவர். மறுப்புச் சொல்ல மாட்டார். தன் இனத்துக்கு நீதி கேட்க மாட்டார். கேமராவுக்கு எதிரே அழுவார், பிறகு செத்துப் போவார், நாமும் அழுதுவிட்டு வீடு திரும்பலாம். மாயா சாகவில்லை! அதுதான் இந்தப் படத்தின் சிக்கல், இந்தப் படத்தின் சிறப்பும் அதுவே. 2013இல் இயக்குநரும் இசை நிறுவனமும் முட்டிக்கொண்டு, முன்னோட்டத்தைத் தானே வெளியிட்டுவிட்டு, இனி இந்த வேலையே வேண்டாம் என்று லவ்ரிட்ஜ் விலகிப் போனார். பின்னர் திரும்பி வந்து முடித்தார். படம் வெளிவந்தபோது அம்மையாருக்கும் முழு நிறைவில்லை. தாம் செய்திருந்தால் பாட்டுக்கு இன்னும் இடம் கொடுத்திருப்பேன் என்ற போக்கில் பேசினார். படத்தின் நாயகி மகிழ்ந்து கைதட்டாத ஆவணப்படம்! அதனாலேயே அதை நம்பலாம்.

குறை உண்டா? உண்டு. 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1981இல் எரிந்த யாழ் நூலகம், அதன் 97,000 நூல்கள், 1983 கறுப்பு ஜூலை — இவற்றையெல்லாம் ஓரிரு வீச்சில் கடந்துவிடுகிறார் இயக்குநர். லண்டன்காரருக்கு விளங்கும் அளவு போதும் என்று எண்ணினார் போலும். தந்தை அருளரை வீட்டு நாற்காலியிலே உட்கார்த்தி மக்கள் கேள்வி கேட்கும் காட்சி இருக்கிறது. கேட்கிறவர்களின் கோபம் நமக்குப் புரிகிறது. கேட்கப்படுகிறவரின் காலம் புரியும்படி படம் உதவவில்லை. எதற்காக ஒரு பொறியாளன் மனைவி மக்களை விட்டுப் போனான்? அந்தக் கேள்விக்கு ஒரு தலைமுறையின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நிமிடத்தில் சொல்ல இயலாது.

2012இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம். இடைவேளையில் மடோனா பாடுகிறார், துணைக்கு மாயா. 11 கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சி முன்னே. பாட்டின் நடுவே நடுவிரலை உயர்த்திக் காட்டிவிட்டார் மாயா. மேனாட்டில் அது வசைக்குறி. ஒரு நொடி! அந்த ஒரு நொடிக்காகக் கால்பந்துக் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்து, போகப் போக ஏற்றிக்கொண்டே சென்று, 1 கோடியே 66 லட்சம் டாலர் கேட்டது. 2014இல் சமரசமாயிற்று. அரைகுறை ஆடையோடு பெண்களை ஆடவிட்டு விளம்பரம் விற்கும் ஆட்டத்துக்கு ஒரு விரலால் கற்பு போய்விட்டதாம்! வில் பிடித்த வேடன் மகனிடம் துரோணர் கேட்டதும் விரல்தான். அது கட்டைவிரல், இது நடுவிரல். ஏகலைவன் அறுத்துக் கொடுத்தான். இவர் கொடுக்கவில்லை.

அந்த விரலை நாம் பாராட்டவா செய்கிறோம்? இல்லை. அத்தனை கோடிப் பேர் முன்னே நிற்கும்போது முள்ளிவாய்க்கால் என்ற எட்டெழுத்துச் சொல்லுக்கு இணையாக எதையாவது காட்டியிருக்கலாமே என்ற ஏக்கம் நமக்கு உண்டு. அம்மையாரின் பிற்காலப் பேச்சுகள் எல்லாவற்றையும் நாம் சுமக்கத் தேவையுமில்லை. 2020இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் சொன்னதைப் பகுத்தறிவுடையோர் ஏற்க முடியாது. பின்னர் தமக்கு இயேசுவின் காட்சி கிடைத்தது என்று பேசியதும் அவர் சொந்த விவகாரம். ஒருவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தால்தான் அவர் சொன்ன ஓர் உண்மையைக் கேட்போம் என்பது, கேட்க விருப்பமில்லாதவர் செய்யும் தந்திரம்.

எம்.ஐ.ஏ. என்ற பெயரை மறந்துவிடாதீர்கள். போர்க்களத்தில் காணாமற்போனவர் என்பதற்கு ஆங்கிலப் படைத்துறையார் வைத்திருக்கும் சுருக்கெழுத்து அது. லண்டனில் தாம் குடியிருந்த ஆக்டன் பகுதியின் பெயரையும் அதில் ஒளித்து, விளையாட்டாகச் சூட்டிக்கொண்டார். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் சாலையோரம் வந்து உட்கார்ந்தார்கள், படையினரிடம் கையளித்த பிள்ளைகளின் படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு. காணாமல் ஆக்கப்பட்டோர் எங்கே என்ற கேள்வி. பாடகியின் விளையாட்டுப் பெயர் ஊரெல்லாம் தாய்மார் கையில் பதாகையாயிற்று. அவர்களில் பலர் பதில் பெறாமலே கண்மூடிவிட்டார்கள்.

இந்தப் படத்துக்கு மூலப்பொருள் எது தெரியுமா? சுமார் 700 மணி நேரத்துக்கான படச்சுருள். பெரும்பகுதி மாயா தாமே எடுத்தது. பாட்டியை எடுத்தார், தாயை எடுத்தார், தையல் ஊசியை எடுத்தார், 2001இல் யாழ்ப்பாணம் போனபோது உறவினரை எடுத்தார், கண்ணாடி முன்னே தம்மையே எடுத்தார். புகழ் வரும் என்று எவரும் சொல்லாத நாளிலேயே எடுத்தார். அதனால்தான் அவரை நாளை எவரும் வெறும் வறுவல் தின்ற பெண்ணாக்கிவிட முடியாது. சான்று இருக்கிறது.

நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? கடப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போங்கள். மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி நோக்கிச் சென்றால் கீழ்புத்துப்பட்டு. அங்கே ஈழத்தமிழர் முகாம். 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்று ஆக்கியபோது, மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருந்தன. அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லிற்று. இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. அந்த முகாம்களிலும் பாடுகிறவர்கள் இருப்பார்கள். லண்டனுக்குப் போய்ச் சேராத மாயாக்கள். அவர்கள் வீட்டு அடுப்படிக் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. சென்னையிலே உறுமி தட்டியவர் எந்த ஊர்க்காரர் என்று மேளக்காரப் பெரியவர் கேட்டாரே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு.

அன்றிரவு படம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் இளைஞர்கள் நால்வர் போகாமல் நின்றார்கள். நத்தத்தனார் ஊருக்கும் முகாமுக்கும் போய், பாடத் தெரிந்த பெண்டிர், மேளம் தட்டத் தெரிந்த முதியவர் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, கைப்பேசியிலேயே பதிவு செய்யப்போவதாகச் சொன்னார்கள். முதலில் யார் என்று கேட்டோம். மேளக்காரப் பெரியவரைக் காட்டினார்கள். அவரோ, விடிந்தால் வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மேளத்தை வெயிலில் காயவைத்து வைக்கிறேன் என்றார்.

மாயாவின் தந்தை அருளர் 2019இல் மறைந்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவித்தது, பதக்கம் அவர் கைக்கு வந்தது 2020இல். பேரரசின் பட்டத்தை அருளரின் மகள் ஏற்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் சொன்ன காரணம் தாய் கலாவைப் பற்றியது. அரண்மனை வழங்கும் அந்தப் பதக்கங்களுக்கு நாடா தைக்கும் வேலையைத்தான் அந்த அம்மையார் லண்டனில் ஆண்டுக்கணக்கில் செய்து பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.